குழந்தைப் பள்ளிக்கு உபாத்தியாயினியைத் தயார் செய்தல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஒருவர் உழவு மாடு வாங்கச் சங்கத்தில் கடன் கேட்டால், நிர்வாக சபையார் மாட்டின் பல்லைப் பார்க்கிறார்கள், சுழியைப் பார்க்கிறார்கள், விற்கிறவன் யாரென்று விசாரிக்கிறார்கள், பக்கத்தூரில் இரண்டு பேரைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகே கையொப்பம் இடுகிறார்கள். இது நல்ல வழக்கமே. ஆனால் அதே ஊரில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலுள்ள முப்பது குழந்தைகளைத் தினந்தோறும் ஒரு பெண்ணிடம் ஒப்புவிக்கும்போது, அவள் இந்த வேலைக்கு என்ன கற்றாள், எங்கே கற்றாள், யாரிடம் கற்றாள் என்று விசாரிப்பவர் அபூர்வம். "எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

கிராமங்களில் இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு. "எட்டுப் பிள்ளை பெற்று எட்டையும் ஆளாக்கின பாட்டி எந்தக் காலேஜில் படித்தாள்?" என்பார்கள். இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. அந்தப் பாட்டிக்குத் தெரிந்தவை அநேகம்; அவற்றில் பாதியைக்கூட எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. ஆயினும் அவள் எட்டுப் பிள்ளைகளையும் ஒரே நாளில் வளர்க்கவில்லை. ஒன்று நடக்கும்போது மற்றொன்று மடியில் இருந்தது. மூத்தது தண்ணீர் எடுத்தது. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவற்றின் குணம் அவளுக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். குழந்தைப் பள்ளியிலோ ஒரே பருவத்துக் குழந்தைகள் முப்பது பேர், முப்பது வீட்டு வழக்கத்தோடு, ஒரே வேளையில் வந்து சேருகிறார்கள். ஒன்று தூக்கத்துக்கு அழுகிறது. ஒன்று பக்கத்துக் குழந்தையைக் கடிக்கிறது. ஒன்று வந்த நாள் முதல் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டியை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால், இரண்டாம் நாள் அவளும் பிரம்பைத் தேடுவாள்.

காலேஜில் படித்த பெண்ணின் சங்கடம் வேறு விதம். அவள் பரீட்சைகளில் தேறியிருக்கிறாள். குழந்தைகளின் மனோதத்துவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவாள். ஆனால் பதினைந்து வருஷமாகப் பலகையிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து பிறர் சொல்லக் கேட்டே பழகியவள். தரையில் உட்கார்ந்து ஒரு சிறு குழந்தை சொல்வதைக் கேட்டுப் பழகியவள் அல்லள். குழந்தை மூக்கு ஒழுக வந்து மடியில் ஏறினால் அவளுக்கு முதலில் புடவை ஞாபகம் வருகிறது. இதில் அவளைக் குறை சொல்லுவதற்கில்லை. படிப்பு அவ்விதம் அவளைப் பழக்கியிருக்கிறது. இந்தப் பழக்கத்தை மாற்றுவதே பயிற்சியின் முதல் காரியம். அது பிரசங்கத்தால் மாறுவதில்லை. குழந்தைகளோடு நாள்தோறும் இருந்தால்தான் மாறும்.

இதை நன்கு அறிந்து காரியம் செய்தவர்களில் இங்கிலாந்து தேசத்து மார்கரெட் மக்மில்லன் என்னும் அம்மையார் ஒருவர். லண்டனின் தென்கிழக்கே டெப்ட்போர்டு என்னும் ஏழைகள் நிறைந்த பேட்டையில், அவரும் அவருடைய சகோதரி ரேச்சலும் 1914-ல் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். நெருக்கமான சந்துகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் வளர்ந்த குழந்தைகளுக்குத் தோட்டமும், ஸ்நான அறையும், ஆகாரமும், வெளியில் படுத்துத் தூங்கக் கட்டில்களும் அங்கே இருந்தன. ரேச்சல் 1917-ல் காலமானார். பின்பு 1930-ல் அந்தக் குழந்தைப் பள்ளியின் பக்கத்திலேயே ஒரு பயிற்சிக் கலாசாலை எழும்பியது. அதற்குச் சகோதரியின் பெயரையே வைத்தார் மார்கரெட். அரசி மேரி வந்து அதைத் திறந்து வைத்தார். மறுவருஷம் மார்கரெட்டும் காலமானார்.

கலாசாலையைப் பள்ளியின் பக்கத்தில் கட்டியதில்தான் விஷயம் இருக்கிறது. சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நல்ல மனமுள்ள எந்தப் பெண்ணும் போதும் என்று அதிகாரிகளில் பலர் அந்நாளில் நினைத்தார்கள். மார்கரெட் அம்மையாரோ, குழந்தை எவ்வளவுக்குச் சிறியதோ அவ்வளவுக்கு அதன் உபாத்தியாயினிக்குப் பயிற்சி அதிகம் வேண்டும் என்று வாதாடினார். பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவர்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சியே வழக்கமாயிருந்த காலத்தில், குழந்தைப் பள்ளிக்கு மூன்று வருஷம் வேண்டும் என்றார். அதை நடத்தியும் காட்டினார். அவருடைய மாணவிகள் குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள், ஊட்டினார்கள், தூங்க வைத்தார்கள், அவர்களுடைய வீடு எப்படி இருக்கிறதென்று அறிந்துகொண்டார்கள். "காலேஜ் படிக்க அனுப்பிய பெண்ணை ஆயா வேலை பார்க்க வைப்பதா?" என்று கேட்பவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. அவர்களுக்குப் பதில் எளிது. குளிப்பாட்டும்போதுதான் குழந்தையின் விலாவெலும்பு தெரிகிறது, சிரங்கு தெரிகிறது, முதுகிலுள்ள தழும்பும் தெரிகிறது. அதைக் காணாதவள் பிற்பாடு அந்தக் குழந்தை பாட்டில் ஏன் சேரவில்லை என்று அறியப்போவதில்லை.

இனி, பயிற்சியில் மாணவி உண்மையில் என்ன செய்கிறாள் என்று சற்றுப் பார்க்கலாம். அங்கத்தினர்கள் பெரும்பாலும் அறியாத பகுதி இதுவே.

முதல் சில வாரங்களுக்கு அவளைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல விடுவதில்லை. ஒரு மூலையில் உட்கார வைத்து, ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கையில் கொடுத்து, ஒரே ஒரு குழந்தையை அரை மணி நேரம் பார்த்து எழுதச் சொல்லுகிறார்கள். பார்ப்பதற்கு இது சோம்பேறி வேலையாகத் தோன்றும். ஆனால் முதல் நாள் எழுதியதைப் பார்த்தால் அதன் கஷ்டம் விளங்கும். "குழந்தை பிடிவாதம் செய்தது, சமாதானம் செய்ததும் விளையாடியது" என்று எழுதியிருப்பாள். இது பார்த்ததன்று; இவளுடைய அபிப்பிராயம். ரொக்கச் சிட்டாவில் காரியதரிசி "கொஞ்சம் செலவாயிற்று" என்று எழுதி வைத்தால் தணிக்கைக்கு வந்தவர் என்ன சொல்லுவார்? எவ்வளவு, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில், ரசீது எங்கே என்று கேட்பார் அல்லவா? பயிற்சி கொடுக்கும் அம்மையாரும் அப்படியே கேட்கிறார். குழந்தை எதைக் கேட்டது? யார் கொடுக்கவில்லை? எத்தனை நிமிஷம் அழுதது? அழுகை தானே நின்றதா, யாராவது நிறுத்தினார்களா? மறுநாள் அதே மாணவி, "சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிற்று, மூன்று தடவை சிந்திற்று, நாலாம் தடவை இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டது, சிந்தவில்லை, என் முகத்தைப் பார்த்தது" என்று எழுதிக்கொண்டு வருவாள். அன்று முதல் அவளுக்குப் பயிற்சி ஆரம்பம் என்று சொல்லலாம்.

தண்ணீர் சிந்தும்போது எழுந்து ஓடி உதவாமல் இருப்பதற்கும் பழகவேண்டியிருக்கிறது. பெரியவர்கள் கைக்கு இது மிகக் கடினம். முதல் தடவை சிந்தியபோதே மாணவி சொம்பை வாங்கி ஊற்றிக் கொடுத்திருந்தால், இடது கையால் பிடிக்கவேண்டும் என்பதை அந்தக் குழந்தை அன்று கண்டுபிடித்திராது. எப்போது கை கொடுப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்ற இந்த விவேகத்துக்கு ஒரு சூத்திரமும் கிடையாது. பல குழந்தைகளோடு பழகி, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலிருந்து திருத்த, தவறு செய்து தவறு செய்துதான் வருகிறது.

இதன் பிறகே கதை சொல்லவும், பாடவும், விளையாட்டுச் சாமான்கள் செய்யவும், முப்பது பேரைக் கூச்சலின்றி ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்குக் கொண்டுபோகவும் பழக்குகிறார்கள். எடை போட்டுக் குறித்து வைக்கவும், அம்மைக்கும் சொறிக்கும் வித்தியாசம் காணவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பெற்றோரோடு பேசவும் பழகவேண்டும். கிராமத்தில் இதுவே மிகக் கடினமான பாடம். ஏனெனில், "மூன்று வயதாகிவிட்டது, இன்னும் என் மகன் 'அ' எழுதவில்லையே, அங்கே என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்கும் தகப்பனார் ஊருக்கு இருபது பேர் இருப்பார்கள். பயிற்சி இல்லாதவள் பயந்துபோய் மறுநாளே சிலேட்டைக் கொடுத்து எழுத வைப்பாள். பயிற்சி உள்ளவள் பதில் சொல்லுவாள். மனிதனுடைய மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை யாவும் குருத்தாகவே இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இறுகிவரப் பல வருஷங்கள் செல்லுகின்றன. மூன்று வயதில் பெரும்பாலும் பாதிகூட இறுகியிருப்பதில்லை. இளங்கன்றை ஏரில் பூட்டாத குடியானவருக்கு இந்த நியாயத்தை விளக்கப் பத்து நிமிஷம் போதும். அந்தக் குழந்தை இப்போது புளியங்கொட்டைகளை எண்ணிப் பல்லாங்குழியில் போடட்டும், அவரையும் துவரையும் கலந்து கொடுத்தால் பிரித்து வைக்கட்டும், களிமண் உருட்டட்டும். பேனா பிடிக்கப் போகும் விரல்களுக்கு இவையே அப்பியாசம்.

இந்தியாவில் இப்பயிற்சி பரவியதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1939ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் இத்தாலிய தேசத்து டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்தார். பல மாகாணங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் வந்து அவரிடம் பயின்றார்கள். வகுப்புகள் ஓலைக் கொட்டகையில் நடந்தன. அம்மையார் இத்தாலிய பாஷையில் பேச, அவருடைய மகன் மாரியோ இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னார். சில மாதங்கள் தங்க வந்தவர், 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் விரோத தேசத்துப் பிரஜை என்ற காரணத்தின்மேல் சர்க்காரால் கட்டுப்படுத்தப்பட்டார். மகனைக் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவித்தார்கள். கோடைக்கானலிலும் தங்கிப் பள்ளி நடத்திய அவர் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. பின்னர் 1947 முதல் 1949 வரை மறுபடியும் வந்திருந்தார். அவரிடம் பயின்ற இந்திய உபாத்தியாயர்கள் ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்கள். பிரசங்கம் கேட்டதோடு பயிற்சி முடியவில்லை. ஒவ்வொரு மாணாக்கரும் குழந்தைகளைப் பார்த்து எழுதவேண்டும்; ஒவ்வொரு உபகரணத்தையும் தாமே கையாண்டு, அதன் உபயோகத்தைத் தம் கைப்படப் படத்தோடு எழுதிப் புஸ்தகமாக்கவேண்டும்.

பெருமைக்குரிய காரியமே. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது சரியன்று. அவ்விதம் பயின்றவர்கள் நடத்திய பள்ளிகளில் பெரும்பாலானவை பட்டணங்களில், சம்பளம் கட்டக்கூடிய குடும்பங்களுக்கே பயன்பட்டன. கடைசல் பிடித்த மர உருளைகளும், வர்ணப் பலகைகளும், அளவு தவறாத பெட்டிகளும் கிராமப் பள்ளியின் சக்திக்கு எட்டாதவை. மாண்டிசோரி அம்மையாரே தம் வேலையை 1907-ல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த கட்டடத்தில்தான் தொடங்கினார் என்பது இங்கே நினைத்துப் பார்க்கத்தக்கது.

இந்தக் குறையை மற்றவர்களுக்கு முன்பே கண்டு, பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனவர் தாராபாய் மோடக். அவர் பம்பாய்ப் பட்டதாரி. ராஜ்கோட்டில் ஸ்திரீகள் பயிற்சிக் கலாசாலையின் தலைமையை வகித்தவர். அந்த உத்தியோகத்தை விட்டு, பவநகரில் 1920-ல் கீஜுபாய் பதேகா ஆரம்பித்திருந்த பாலமந்திரத்தில் சேர்ந்து குழந்தைக் கல்வி வேலை செய்தார். 1926-ல் இருவருமாக நூதன பால சிக்ஷண சங்கத்தை ஸ்தாபித்தார்கள். கீஜுபாய் 1939-ல் காலமானார். பம்பாயில் குழந்தைப் பள்ளியும் உபாத்தியாயினிகளுக்குப் பயிற்சியும் நடத்தி நல்ல பெயர் பெற்ற பிறகு, 1945-ல் தாராபாய் அக்காலத்துத் தாணா ஜில்லாவின் கடலோரத்திலுள்ள போர்டி என்னும் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவரோடு வேலைக்கு வந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் விவாகமாகி, சில மாதங்களில் விதவையானவர். பயிற்சி பெற்று உபாத்தியாயினியாகி, பகலில் பள்ளியில் கற்பித்து இரவுப் பள்ளியில் தாம் கற்று மெட்ரிகுலேஷன் தேறியவர். பெரும் பட்டத்தோடு வந்தவர் அல்லர். இவ்விருவரும் போர்டியில் கற்றதைப் பட்டணத்துக் கலாசாலை எதுவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

பள்ளியைத் திறந்து வைத்தார்கள். ஏழைகளின் குழந்தைகள் வரவில்லை. காரணம் விசாரித்தபோது, பெற்றோர் கூலிக்குப் போக, ஏழெட்டு வயதுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் காவல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் வந்தால் கைக்குழந்தையும் வரவேண்டும். இல்லையேல் இருவரும் வரமாட்டார்கள். ஆகவே குழந்தைகள் பள்ளிக்கு வருவதற்குப் பதிலாகப் பள்ளியே அவர்களுடைய வீட்டு முற்றத்துக்குப் போயிற்று. அங்கணம் என்றால் முற்றம். (தென்ஜில்லாக்களில் பாத்திரம் துலக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.) அங்கணத்தில் நடந்த அந்தப் பள்ளியே அங்கணவாடி. உபகரணங்களையும் அவ்விடத்திலேயே தேடிக்கொண்டார்கள். கடற்கரைக் கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை, மூங்கில் துண்டு ஆகியவை மர உருளைகளின் வேலையைச் செய்தன. 1957-ல் வேலை பக்கத்திலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே வார்லி என்னும் ஆதிக்குடிகளின் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனபடியால், மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடத்தினார்கள். கைக்குழந்தைகளின் காப்பகம், பாலவாடி, ஆரம்பப் பள்ளி மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தார்கள். தம்பியை விட்டு அக்காள் படிக்க வழி அப்போதுதான் பிறந்தது. தாராபாய் 1973-லும் அனுதாய் 1992-லும் காலமானார்கள்.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியது இது: பயிற்சி பெற வந்தவர்கள் இந்த முற்றங்களிலேயே பயின்றார்கள். குழந்தை ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதும், அழுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாருவதும், கிளிஞ்சலைக் கொண்டு கணக்கு நடத்துவதும் அவர்களுடைய பாடத்தின் பகுதி. ஸ்திரீகள் கலாசாலைகளில் கிருஹ சாஸ்திரம் கற்கும் மாணவிகளுக்காகக் கலாசாலை வளைவுக்குள்ளேயே ஒரு சிறு குழந்தைப் பள்ளி வைத்து நடத்தும் வழக்கமும் நல்லதே. ஆனால் அங்கே வரும் குழந்தைகள் பெரும்பாலும் குளித்து, சாப்பிட்டு, சட்டை போட்டு வருபவர்கள். அங்கு மட்டும் பயின்ற பெண் கிராமத்துக்கு வந்து முதல் மாதத்தில் திகைத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

அங்கணவாடி என்ற பெயர் பிற்பாடு தேசம் முழுவதும் பரவியது. 1975ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி இந்திய சர்க்கார் 33 வட்டாரங்களில் பரீட்சார்த்தமாக ஆரம்பித்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்களுக்கு அதே பெயர் வைக்கப்பட்டது. ஊழியராக அந்தந்த ஊர்ப் பெண்ணையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. விதி நல்லது, கூலி அவ்வளவு நல்லதாயில்லை. அவர்களுக்குக் கொடுப்பதற்குச் சம்பளம் என்றுகூடப் பெயரிடாமல் கௌரவ ஊதியம் என்றே எழுதி வந்தார்கள். வருஷக்கணக்காக உழைத்தவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல 2022ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் வரை ஆயிற்று. காலேஜில் தேறிய பெண் இந்த வேலைக்கு வரத் தயங்குவதற்கும், வந்தவள் முதல் வேறு உத்தியோகம் கிடைத்ததும் போய்விடுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

சங்கம் இதில் என்ன செய்யக்கூடும் என்று கேட்கலாம். குழந்தைப் படிப்பு சங்கத்தின் வேலையல்ல, கடன் கொடுத்து வசூல் செய்வதே அதன் வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. 1912ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை இயற்றியவர்கள் அப்படி நினைக்கவில்லை. அதன் 34ஆம் பிரிவின்படி, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கை ரிசர்வ் நிதியில் சேர்த்த பிறகு, மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை ரிஜிஸ்திராரின் அநுமதியோடு தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. தர்ம காரியம் என்பதில் கல்வியும் அடக்கம். அதாவது 40,000 ரூபாய் நிகர லாபமுள்ள சங்கத்தில் 10,000 ரிசர்வுக்குப் போனால், மிஞ்சிய 30,000-ல் 3,000 வரை கொடுக்கலாம். பிறகு சென்னை மாகாணம் 1932-ல் தனிச் சட்டம் செய்துகொண்டது. தமிழ்நாட்டில் இப்போது அமலில் இருப்பது 1983ஆம் வருஷத்துச் சட்டம். ஆகையால் இப்போது லாபப் பங்கீடு செய்யும் சங்கம் இச்சட்டத்தையும் தன் உபவிதிகளையும் பார்த்தே செய்யவேண்டும்.

தொகை சிறிதாயிருந்தாலும் அதைச் செலவிடும் விதத்தில் யோசனை வேண்டும். வர்ணச் சாமான் வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, ஊரில் படித்த ஒரு பெண் பயிற்சிக்குப் போய்வரும் மாதங்களில் அவள் வீட்டுக்கு வரும்படி குறையாமல் பார்த்துக்கொள்வது மேல். அவளைத் தேர்ந்தெடுக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்க வேண்டாம். தெருக் குழந்தைகள் யார் வீட்டுத் திண்ணையில் போய்ச் சேருகிறார்கள் என்று நாலு நாள் பார்த்தால் அதுவே பாதி பரீட்சை. அனுப்பும் முன் பயிற்சி நிலையத்தாரை ஒரு கேள்வி கேட்டுவிடுவது நலம்: வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவி குழந்தைகளோடு இருப்பாள், அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? இதற்கு நேரான பதில் வராத இடத்துக்கு அனுப்பிச் செலவழிப்பதில் பிரயோஜனமில்லை.

அவள் திரும்பி வந்த பிறகு ஊரார் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லவேண்டும். படித்த பெண் ஊரில் இருக்கிறாள் என்றவுடன் மனு எழுதவும், பட்டியல் தயாரிக்கவும், ஜனக் கணக்கெடுக்கவும், மகாசபைக்கு நோட்டீஸ் பிரதி செய்யவும் அவளையே கூப்பிடுகிறார்கள். அவள் போன அந்த இரண்டு மணி நேரமும் முப்பது குழந்தைகள் உதவிக்காரியிடம் சுவரோரமாக உட்கார்ந்திருக்கின்றன. சங்கத்தின் நோட்டீஸைப் பிரதி செய்யச் சங்கத்துக்குக் குமாஸ்தா இருக்கிறார்.